முதல் பக்கத்தில் கொலைகாரன் பெயர்

புத்தகத்தைத் திறந்தேன். முதல் பக்கத்தில், தலைப்புக்கு மேலே, சிவப்பு மையில் எழுதியிருந்தது: "கொலைகாரன் டாக்டர்."

அழகான கையெழுத்து. ஒவ்வோர் எழுத்தும் நிமிர்ந்து நின்றது. அடியில் ஒரு கோடு வேறு.

நான் அப்போது தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் உட்கார்ந்திருந்தேன். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை ஆயாவிடம் விட்டுப்போகும் நீளமான அறை அது. குறுக்குக் கம்பியில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். அன்று நல்ல மழை. பால் கொடுப்பதற்காகக் கொழுந்து மலையிலிருந்து இறங்கி வந்த பெண்கள், இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் மார்பில். கண்கள் என் முகத்தில். ஈரச் சாக்கு, பால், சாம்பிராணி எல்லாம் கலந்த ஒரு வாடை. என் மகள் என் மடியில் கிடந்து புத்தகத்தின் மூலையைக் கடிக்கப் பார்த்தாள்.

"என்னாங்கம்மா, புதுக் கதைன்னு சொன்னீங்க. ஏன் முகம் இப்பிடி ஆயிருச்சு?" என்றாள் மாரியாயி. என் வயதுதான் அவளுக்கு. மூன்றாவது பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"கொலைகாரன் பேர யாரோ எழுதி வச்சிட்டாங்க மாரியாயி."

"மொத பக்கத்துலயேவா?"

"ஆமா."

"யாருங்க?"

"எழுதினது யாருன்னு தெரியல."

"அதக் கேக்கலீங்க. கொன்னது யாரு?"

ஒரு வாசகியின் கடிதம்

கதையை இங்கே நிறுத்துகிறேன். சில வாரங்களுக்கு முன், பத்திரிகையில் நான் எழுதிவரும் இந்தத் தொடரில், நான் துப்பறியும் நாவல்கள் வாசிப்பவள் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகி எழுதிக் கேட்டிருக்கிறார்: "படித்த பெண், ஒரு தாய், ஆசிரியரின் மனைவி. உங்களுக்கு வேறு புத்தகமே கிடைக்கவில்லையா?"

கடிதத்தைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படிப்பட்டவள் நான். யாராவது முகம் சுளித்தால் தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று முதலில் நினைப்பேன். இரண்டு நாள் யோசித்தேன். அந்த வரியை எழுதாமலே இருந்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது.

மூன்றாவது நாள் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கிடைத்தது அம்மா, எல்லாம் கிடைத்தது. பதுளையில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், பள்ளிக்கூட நூலகத்தில் இருந்த நல்ல புத்தகங்களையெல்லாம் வாசித்தேன். கடைவீதியில் நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் துணிக்கடைக்காரர் ஒருவர், துணிக்கட்டுகளுக்குப் பின்னால் பழைய நாவல்கள் அடுக்கி வைத்திருப்பார். அவரிடம் வாங்கி அவற்றையும் வாசித்தேன். இரண்டையும் வாசித்தவள் என்ற முறையில்தான் பேசுகிறேன்.

குடும்ப நாவல்களில் பெண் கடைசியில் மன்னிக்கிறாள். குடித்த கணவனை மன்னிக்கிறாள், ஏசிய மாமியாரை மன்னிக்கிறாள், கைவிட்ட காதலனைக்கூட மன்னித்து அவன் குழந்தைக்குப் பெயர் வைக்கிறாள். அரச கதைகளில் குதிரைகள் ஓடுகின்றன. ராணி மாடத்தில் நின்று காத்திருக்கிறாள். பேய்க் கதைகளில் வருகிற பேய், நூற்றுக்குத் தொண்ணூறு, யாரோ ஏமாற்றிச் சாகடித்த ஒரு பெண். துப்பறியும் நாவலில் மட்டும்தான் ஒரு பெண் செத்தால், "ஏன் செத்தாள்?" என்று ஒரு மனிதன் வந்து கேட்கிறான். கேட்டதோடு நிற்காமல் கண்டும் பிடிக்கிறான். அதற்காகவே அந்த நாவலாசிரியர்களுக்கு நான் கை கூப்புவேன்.

எல்லாம் நல்ல நாவல்கள் என்று சொல்ல வரவில்லை. கடைசியில் இரட்டைப் பிறவியைக் கொண்டுவருகிறவரை எனக்குப் பிடிக்காது. ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு சொந்த மனைவியையே ஏமாற்றுகிறவனை நான் நம்பத் தயாரில்லை, இருமினாலே தெரிந்துவிடாதா? துப்பறிகிறவர் தரையில் கிடந்த எதையோ எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, அது என்ன என்று நமக்குச் சொல்லாமல் புன்னகை செய்கிறாரே, அது சுத்த மோசடி. அவர் பார்த்ததை நானும் பார்க்க வேண்டும். பிறகு நான் தோற்றால் அது என் மண்டைக் குறை.

விடுதியில் ஒரு நாவலுக்குக் கடைசிப் பக்கங்கள் கிடையாது. யாரோ கிழித்துவிட்டார்கள். இந்தியாவிலிருந்து புத்தகம் வருவது குறைந்துபோன வருடங்கள். வேறு பிரதி தேட வழியில்லை. அறையிலிருந்த பெண்கள் எல்லோரும் சேர்ந்து வழக்கு நடத்தினோம். ஆளுக்கொரு கொலைகாரன். "சமையல்காரன்தான்" என்று சொன்னவளை, "காரணம் சொல்லு, காரணம் சொல்லு" என்று விடாமல் உலுக்கினோம். ஒரு ஆளைக் குற்றவாளி என்று சொல்வதற்கு முன்னால் காரணம் காட்ட வேண்டும் என்பதை எனக்கு எந்தப் பாடப்புத்தகமும் அவ்வளவு அழுத்தமாகச் சொல்லித் தரவில்லை.

பாலும் கொலையும்

கல்யாணமாகி ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்கு வந்தேன். கணவர் தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டர். தோட்டத்து வாசிகசாலைக்கும் அவர்தான் செயலாளர். ஓர் அறை, இரண்டு பெஞ்சு, ஒரு அலுமாரி. அலுமாரியின் கீழ்த்தட்டு முழுவதும், யாரோ பழைய உத்தியோகத்தர் மாற்றலாகிப் போகும்போது விட்டுவிட்டுப் போன துப்பறியும் நாவல்கள்.

மகள் பிறந்த பிறகு எனக்குப் பயம் ஒரு நோயாகப் பிடித்துக்கொண்டது. பிள்ளை தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பேன். அழுதால் பயம். அழாவிட்டால் அதைவிடப் பயம். அப்போது எனக்கு ஆறுதல் தந்தவை அந்தக் கீழ்த்தட்டுப் புத்தகங்கள்தான். அந்தக் கதைகளில் எதற்கும் காரணம் இருந்தது. கதவு திறந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். காரணமே இல்லாமல் பயந்துகொண்டிருந்தவளுக்கு அது பெரிய மருந்து.

பேத்தியைப் பார்க்கக் கொஸ்லந்தையிலிருந்து வந்திருந்த மாமியாருக்கு அது பிடிக்கவில்லை.

"பால் குடுக்கிறவ கொலக்கதை படிச்சா பாலு கெட்டுப்போகும் சரசு. பிள்ளைக்கு மாந்தம் புடிக்கும். ஏங்கூட வேல செஞ்ச ஒருத்தி கூத்துல சூரசம்ஹாரம் பாத்துட்டு வந்து பால் குடுத்தா. அந்தப் பிள்ள விடியவிடிய கத்துச்சு."

சிரிக்க முடியவில்லை. அந்த வாரமே மகளுக்குக் காய்ச்சல் வந்தது. புத்தகத்தை மூடி அரிசிப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். காய்ச்சல் விட்டது. மாமியார் என்னையும் அரிசிப் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தார்.

அடுத்த மாதம், ஒரு வரிகூட வாசிக்காமல் இருந்தபோது, மறுபடியும் காய்ச்சல் வந்தது.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபடியே நினைத்தேன்: சந்தேகப்பட்ட ஆள் ஊரிலேயே இல்லாத நேரத்தில் அதே குற்றம் நடந்திருக்கிறது. அப்படியானால் அவன் குற்றவாளி இல்லை. எந்த நாவலிலும் அவனை விட்டுவிடுவார்கள். காய்ச்சல் இறங்கியதும் அரிசிப் பெட்டிக்குப் பின்னாலிருந்த புத்தகத்தை எடுத்தேன். மாமியார் முன்னாலேயே எடுத்தேன்.

பிள்ளைக் காம்பராவுக்குப் போக ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான். வீட்டில் தனியாக இருந்து பயப்படுவதைவிட, பத்துப் பிள்ளைகள் சேர்ந்து அழுகிற இடத்தில் என் பிள்ளையும் அழுதால் பயம் குறையும் என்று நினைத்தேன். மாஸ்டர் பெஞ்சாதி லயத்து வரிசை வீட்டுப் பெண்களோடு உட்காருவதா என்று சிலர் பேசினார்கள். எனக்கும் கூச்சம்தான். கூச்சத்தை மறைக்கக் கையில் புத்தகம் கொண்டுபோனேன். "என்ன படிக்கிறீங்க?" என்று கேட்டார்கள். சொன்னேன். "சத்தமா படிங்க" என்றார்கள்.

முதலில், கடமைக்கு, ஒரு நல்ல நாவலைத்தான் கொண்டுபோனேன். ஏழைகளின் துன்பத்தைப் பற்றியது. இரண்டு நாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு மாரியாயி சொன்னாள்: "இது எங்களுக்குத் தெரியாதாம்மா? இதையெல்லாம் நாங்க உங்களுக்குச் சொல்லுவோமே. எங்களுக்குத் தெரியாத கதையாப் பாத்துப் படிங்க."

டாக்டர்

இப்படித்தான் அந்த மழை நாளில் சிவப்பு மைக்கு முன்னால் வந்து சேர்ந்தேன்.

பெயரை மறைக்கலாமா என்று யோசித்தேன். என் முகம் எதையும் மறைக்காது. சொல்லிவிட்டேன்: "டாக்டர்னு எழுதியிருக்கு. வேற புஸ்தகம் கொண்டுவரட்டா?"

"எதுக்கு? யாருன்னு தெரிஞ்சிருச்சு. எப்பிடி மாட்டுறான்னு பாப்போம். படிங்க" என்றாள் மாரியாயி.

ஒரு ஜமீன் பங்களா. வயதான ஜமீன்தார் பாலில் விஷம் குடித்துச் சாகிறார். வீட்டில் ஒரு தம்பி, ஒரு நர்ஸ், ஒரு டாக்டர், வேலைக்காரர்கள். போலீஸ் வந்ததும் முதலில் பால் கொண்டுபோன வேலைக்காரியைப் பிடிக்கிறது. அந்த இடத்தில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. "பின்ன, அவளத்தானே புடிப்பாங்க" என்றாள் மாரியாயிக்குப் பக்கத்திலிருந்த செல்லம்மா. துப்பறிகிறவர் வந்து அவளை விடுவித்ததும் தொட்டில்கள் ஆடுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டார்கள். ஆயா, "பிள்ளைங்க முழிச்சிரும், மெதுவா" என்று அதட்டினாள்.

பால் கொடுக்கிற கொஞ்ச நேரத்துக்குள் ஒரு அத்தியாயம் முடியாது. பாதியில் எழுந்து மலைக்கு ஓடுவார்கள். மறுநாள் வரும்போது டாக்டரைத் திட்டிக்கொண்டே வருவார்கள்.

"அந்தாளு வந்து நாடி புடிச்சுப் பாக்குறான் பாரு, ஒண்ணுந்தெரியாதவன் மாதிரி!"

"சிரிக்கிறானே, பாவி. வெளங்குவானா?"

டாக்டர் வாயைத் திறந்தாலே ஏச்சு. அவர் வேலைக்காரியின் பிள்ளைக்குக் காசு வாங்காமல் மருந்து கொடுத்ததைக்கூட, "நடிக்கிறான்" என்றார்கள். நானும் அப்படித்தான் வாசித்தேன். முடிவு தெரிந்து வாசிப்பதில் ஒரு தனி ருசி இருந்தது. இங்கே பொய் சொல்கிறான், இங்கே தடயத்தை ஒளிக்கிறான் என்று ஒவ்வொரு வரியிலும் கண்டேன். இல்லாத இடத்திலும் கண்டேன்.

கடைசி அத்தியாயத்தின் ஆரம்பத்தில் டாக்டர் எழுந்து நின்று, "நான்தான் கொன்றேன்" என்கிறார். பெண்கள், "அப்பிடிச் சொல்லு" என்றார்கள். நான்கைந்து பக்கம் தள்ளி, துப்பறிகிறவர் அவரை உட்காரச் சொல்கிறார். டாக்டர் சொன்னது பொய். நர்ஸின் மேல் பழி விழுந்துவிடும் என்று பயந்து, தானே அதை ஏற்றுக்கொண்டார். விஷம் வைத்தது ஜமீன்தாரின் தம்பி.

புத்தகத்தை மூடினேன். மாரியாயி பிள்ளையை மார்பிலிருந்து எடுத்துத் தோளில் போட்டாள்.

"அப்ப அந்த டாக்டர் ஒண்ணும் செய்யலையா?"

"இல்ல."

"மூணு வாரமா வாய்க்கு வந்தபடி ஏசுனேனே!"

"நீ ஏசுனது அவருக்குக் கேட்டுச்சாக்கும்," என்றாள் செல்லம்மா.

"அவருக்குக் கேக்கலடி. எனக்குக் கேட்டுச்சில்ல."

அன்று அவர்கள் மலைக்குப் போகத் தாமதமானது. வேலையை மேற்பார்க்கும் கங்காணி வாசல்வரை வந்து கத்தினார். மாலைக்குள் செய்தி ஆபீசுக்குப் போனது.

தீர்மானம்

தோட்டத்து ஆபீசின் தலைமை எழுத்தர், பெரிய கிளாக்கர், யாழ்ப்பாணத்துக்காரர். வாசிகசாலைக்கும் அவர்தான் தலைவர். கெட்ட மனிதர் இல்லை. பொங்கலுக்குப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி வைத்துச் சொந்தச் செலவில் பரிசு தருவார். தோட்டத்துச் சனம் முன்னேற வேண்டும் என்று உண்மையாகவே விரும்பியவர். ஆபீசில் சிவப்பு மை வைத்திருந்தவரும் அவர் ஒருவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலையில் கூட்டம். துப்பறியும் நாவல்களை அலுமாரியிலிருந்து அகற்றுவது என்று தீர்மானம். பெண்கள் கூட்டத்துக்குப் போகும் வழக்கம் இல்லை. நான் மகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். போகும் வழியில் இரண்டு தடவை திரும்பி வரப் பார்த்தேன்.

"கொலை, களவு, கள்ளக்காதல். உதுகளை வாசிச்சு எங்கட சனம் என்னத்தைப் படிக்கப் போகுது?" என்றார் பெரிய கிளாக்கர். "மாஸ்டர், நீங்கள் சொல்லுங்கோ. நல்ல இலக்கியம் எவ்வளவு கிடக்கு."

என் கணவர் குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தேன். மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளும் பிள்ளை."

"ஜமீன் கதையில மொத பக்கத்துல டாக்டர்னு எழுதியிருந்துச்சு. எழுதினது யாருங்க?"

அவர் தயங்கவில்லை. "நான்தான். ஒளிக்க என்ன கிடக்கு? போன மாசந்தான் கீழ்த்தட்டுப் புத்தகம் எல்லாத்திலையும் எழுதினனான். முடிவு தெரிஞ்சால் ஒருத்தரும் வாசிக்க மாட்டினம்."

"முழுசா வாசிச்சுட்டா எழுதுனீங்க?"

"உந்தக் குப்பையை முழுக்க வாசிக்க எனக்கு எங்கை நேரம்? கடைசி அத்தியாயத்தைத் திறந்தனான். நான்தான் கொன்றேன் எண்டு டாக்டரே சொல்லுறார். காணாதோ, இதுக்கு மேலை என்ன வேணும்?"

"காணாதுங்க ஐயா. அவர் பொய் சொல்றாரு. இன்னும் நாலு பக்கம் வாசிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். கொன்னது தம்பிங்க."

முன் பெஞ்சில் யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

பெரிய கிளாக்கரின் முகம் சிவந்தது. "கதைதானே பிள்ளை. டாக்டர் எண்டால் என்ன, தம்பி எண்டால் என்ன?"

"முழுசா விசாரிக்காம ஒருத்தர் பேர எழுதக் கூடாதுன்னுதாங்க அந்தக் கதைங்க எல்லாமே சொல்லுது. அதத்தான் எங்க சனம் அதுல படிக்குது."

சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் நினைத்தேன்: என் கணவரின் தலைவரிடம், என் வயதைப்போல் இருமடங்கு வயதானவரிடம் என்ன பேசிவிட்டேன்! இப்போது எழுதும்போதும் கன்னம் சுடுகிறது. ஆனால் ஒரு சொல்லையும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கைகள் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறியது. பெரிய கிளாக்கர் முன்னால் வேறு எப்படி நடக்கும்?

என் கணவர் அதை எழுதி முடித்துவிட்டு, முதல் தடவையாக வாயைத் திறந்தார். "அகற்றின புத்தகங்கள என்னா செய்றதுங்க, ஐயா?"

"ஆராவது கொண்டு போங்கோ. கடையிலை சாமான் சுருள் சுத்தக் குடுங்கோ."

"அப்ப நான் கொண்டு போறேன்," என்றார் அவர். குனிந்து கீழ்த்தட்டைக் காலி செய்து ஒரு சாக்கில் போட்டுக்கொண்டார். அவர் காது மடல்கள் சிவந்திருந்தன.

வாசலில் பெரிய கிளாக்கர் அவரை நிறுத்தினார். "பிள்ளைக் காம்பராவிலை வாசிக்கிறதும் நிக்க வேணும் மாஸ்டர். நீங்கள் இருக்கிற குவார்ட்டர்ஸ் தோட்டத்தின்ரை. அதை மறக்காதேங்கோ."

திங்கட்கிழமை

சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். நான் பின்னால்.

"ஏங்க, நாளைக்கு நான் போகவா, வேணாமா?"

"வீட்ட எடுத்துட்டா பெரகலயில மாமா வீட்டுக்குப் போகலாம்," என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அங்க கூரை ஒழுகும். புஸ்தகத்தக் கட்டிலுக்கு மேல வச்சுட்டு நாம கீழ படுக்கணும்" என்றார்.

போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அவர் அப்படித்தான்.

வீடு போகவில்லை. ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலையில் அது எனக்குத் தெரியாது. மகளைக் குளிப்பாட்டினேன். சாக்கிலிருந்து ஒரு நாவலை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். மாமியார் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். "போறதுன்னா மழைக்கு முன்ன போ," என்றார்.

பெண்கள் மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். கூட்டத்தில் நடந்தது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.  பிள்ளைகளை எடுத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார்கள். நான் முதல் பக்கத்தைத் திறந்தேன். அங்கேயும் சிவப்பு மை.

"யாரு பேரு போட்டிருக்கு?" என்றாள் செல்லம்மா.

"தோட்டக்காரன்னு போட்டிருக்கு."

"போட்டிருக்கட்டும். நாம விசாரிப்போம்."

வாசிக்கத் தொடங்கினேன். இரண்டாவது பக்கம் திரும்பும்போது, வெளியே பாதையில் கறுப்புக் குடை ஒன்று வந்து நின்றது. பெரிய கிளாக்கர். சன்னல் வழியாக அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வரிகள் கண்ணில் நெளிந்தன. என் குரல் தானாகவே இறங்கிக்கொண்டு போனது.

"அம்மா," என்றாள் மாரியாயி, சன்னல் பக்கம் திரும்பாமல். "சத்தமா படிங்க. கடைசித் தொட்டில்கிட்ட இருக்கிறவங்களுக்குக் கேக்கலயாம்."

மகளை மறு தொடைக்கு மாற்றினேன். விட்ட வரியிலிருந்து, பாதையில் நிற்பவருக்கும் கேட்கும்படி, உரக்க வாசித்தேன்.